282 மதிப்பெண்ணுக்கு ஒரு பாராட்டு விழா

ஜனவரி கடைசி. பாகூர்ப் பக்கம் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. கொம்யூனில் ஓர் அரசுப் பள்ளியில் தேர்வை அச்சமின்றி எழுதுவது எப்படி என்று ஒரு நிகழ்ச்சி. நகரத்திலிருந்து வந்திருந்த பேச்சாளர் நல்ல மனிதர்தான். எட்டு மணி நேரம் தூங்குங்கள், படிக்கத் தனி மேசை வைத்துக்கொள்ளுங்கள், டிவி சத்தம் கேட்காத அறையில் உட்காருங்கள், பாதாம் சாப்பிடுங்கள், காலையில் பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்றார். கேள்வி நேரம் வந்தபோது பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். “சார், எங்க வீட்ல ஒரே ரூம்தான் சார். அஞ்சு பேரு இருக்கோம். எங்க உக்காந்து படிக்கிறது?” பிள்ளைகள் சிரித்தார்கள். பேச்சாளரும் சிரித்துவிட்டு, மனமிருந்தால் மார்க்கமுண்டு என்றார். கேட்ட பிள்ளை உட்கார்ந்துவிட்டாள்.

நான் கடைசி வரிசையில் இருந்தேன். என்னிடமும் பதில் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான், இதே கேள்விக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அப்பா கண்டுபிடித்த பதில் நினைவுக்கு வந்தது.

பம்பாய் பரேலில் ஒற்றை அறையில் ஒரு குடும்பம். அதில் மகன் முன்னிரவிலேயே படுத்துவிடுவான். அப்பா ராம்ஜி விழித்திருந்து, பின்னிரவு இரண்டு மணிக்கு மகனைப் படிக்க எழுப்பிவிட்டு அதன் பிறகு தான் படுப்பார். அம்பேத்கரின் வாழ்க்கையை எழுதிய தனஞ்செய் கீர் இதைச் சொல்கிறார். அந்த மகன் 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அவர் வாங்கிய மதிப்பெண் 750க்கு 282.

நூற்றுக்கு முப்பத்தெட்டுகூட வரவில்லை. இன்று நம் ஊரில் இந்த மதிப்பெண்ணோடு ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். பக்கத்து வீட்டில் எவ்வளவு என்று கேட்பார்கள். மாமா தொலைபேசியில் வருத்தம் தெரிவிப்பார். நம் அமைப்புத் தோழர்களே, “பரவாயில்லப்பா, ஐடிஐ இருக்கு” என்று சொல்லிவிட்டு 560 எடுத்த பிள்ளையின் வீட்டைத் தேடிப் போவார்கள். பரேலில் அப்படி நடக்கவில்லை. தீண்டப்படாத சமூகத்துப் பையன் மெட்ரிக் தேறியதே பெரிது என்று பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். எஸ்.கே. போலே தலைமை ஏற்றார். ஆசிரியர் கேளுஸ்கர், தான் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். கொடுத்ததோடு அவர் விடவில்லை. அடுத்த கட்டப் படிப்புக்குப் பணமில்லை என்றபோது பரோடா மன்னரிடம் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்க வழி செய்தவரும் அவர்தான். படுக்கவும் படிக்கவும் முறை வைத்துக்கொண்ட ஓர் அப்பா, மதிப்பெண்ணைப் பார்க்காமல் ஆளைப் பார்த்த ஓர் ஊர், கூட்டம் கலைந்த பிறகும் பின்தொடர்ந்த ஒரு பெரியவர். பாதாமைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

பிள்ளைகளின் தேர்வு பயம் என்று பேச ஆரம்பித்தால் பேச்சு உடனே மனதுக்குள் போய்விடுகிறது. தன்னம்பிக்கை, நேர மேலாண்மை, நேர்மறைச் சிந்தனை. பயத்தைப் பிள்ளையின் மண்டைக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் அரசும் தப்பித்துக்கொள்ளலாம், ஊரும் தப்பித்துக்கொள்ளலாம், நாமும் தப்பித்துக்கொள்ளலாம். நான் பார்த்தவரையில், வில்லியனூர், பாகூர் சேரிப் பிள்ளைகளின் பயத்தில் பெரும்பகுதி வெளியில் இருக்கிறது. அது அறைகளாலும் விதிகளாலும் ஆனது. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு.

முதலில் விதி. 2023-24 கல்வியாண்டில் புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் தமிழ்நாடு பாடத்திட்டத்திலிருந்து சிபிஎஸ்இக்கு மாற்றப்பட்டன. அந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்புக்குப் போன பிள்ளைகள், பத்தாம் வகுப்பைத் தமிழ்நாடு வாரியத்தில் முடித்துவிட்டுப் பன்னிரண்டை சிபிஎஸ்இயில் எழுத வேண்டியதாயிற்று. 2025இல் முதல் அணி எழுதியது. சிபிஎஸ்இ வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழில் யோசித்து, தமிழில் கணக்கைப் புரிந்துகொண்டு வந்த பிள்ளை நடுவழியில் வண்டி மாற வேண்டும். தனியார் பள்ளிகள் பலவும் தமிழ்நாடு பாடத்திட்டத்திலேயே தொடர்ந்தன. அதாவது மாற்றத்தின் அதிர்ச்சி முழுவதையும் தாங்கியவர்கள், தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள்.

மத்திய வாரியம் என்றால் தரம் என்று நம்முடைய ஆட்களிலும் பலர் மகிழ்ந்தார்கள். தரத்தைப் பற்றிய சண்டையை இங்கே போட வரவில்லை. அந்த மாற்றத்தில் சத்தமில்லாமல் காணாமல் போன ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். தேர்வில் தோற்றவர் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை, சில வாரங்களிலேயே மறுபடி எழுதி அதே ஆண்டில் மேலே போகலாம் என்ற துணைத்தேர்வு முறையைத் தமிழ்நாடு அரசு 2000களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. அதற்காக வாதாடியவர்களில் ஒருவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். 1986இல் சென்னையில் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர் அவர். தேர்வு முடிவு வரும் நாட்களில் பிள்ளைகளைக் காப்பாற்ற என்ன வழி என்று கேட்டால் ஆலோசனை மையங்களை மட்டும் அவர் சொல்வதில்லை, இந்தத் துணைத்தேர்வையும் சேர்த்துத்தான் சொல்கிறார். ஓர் ஆண்டு போய்விட்டது என்ற எண்ணம் பதினேழு வயதில் வாழ்க்கையே போய்விட்டது என்பதாகத் தெரியும். அந்த ஓராண்டை ஓர் அரசாணையால் ஒன்றரை மாதமாகச் சுருக்க முடியும். சுருக்கினார்கள். 2017இல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையும் நிறுத்தினார்கள்.

தமிழ்நாடு வாரியத்தில் தோற்ற பாடங்கள் எத்தனையானாலும் துணைத்தேர்வில் எழுதலாம். சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தோற்றால்தான் துணைத்தேர்வு. இரண்டில் தோற்றால் அந்த ஆண்டு போனதுதான். பத்தாம் வகுப்பில் 2026 முதல் பிப்ரவரியில் ஒரு தேர்வும் மே மாதத்தில் இன்னொன்றும் நடத்துகிறார்கள், மூன்று பாடங்கள் வரை மறுபடி எழுதிக்கொள்ளலாம். அது நல்லது. பன்னிரண்டாம் வகுப்புக்கு அந்த வாசல் இல்லை. வில்லியனூரில் ஒரே தெருவில் இரண்டு பிள்ளைகள். தனியார் பள்ளிப் பிள்ளை இயற்பியலிலும் கணிதத்திலும் தோற்றால் ஜூனில் எழுதிவிட்டுக் கல்லூரிக்குப் போகலாம். அரசுப் பள்ளிப் பிள்ளை அதே இரண்டில் தோற்றால் ஓராண்டு வீட்டில் இருக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் அந்த ஓராண்டில் என்ன பேச்சு எடுப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பையனாக இருந்தால் ஏதாவது கம்பெனியில் ஒப்பந்த வேலை, அதன் பிறகு பள்ளிப் பக்கம் திரும்புவது அரிது. இந்த ஒரு விதியை மாற்றச் சொல்லி சிபிஎஸ்இயிடம் புதுச்சேரி அரசு மன்றாட வேண்டும். நாம் அரசிடம் சண்டை போட வேண்டும். நூறு மூச்சுப் பயிற்சி வகுப்புகளைவிட இது பெரிய மனநலத் திட்டம்.

புதுச்சேரிக்கு இதில் அவசரம் அதிகம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் லட்சம் பேருக்கு 12.4 பேர் தற்கொலையால் இறந்தார்கள். புதுச்சேரியில் அது 29.7. எல்லா வயதினரும் சேர்ந்த கணக்கு இது. அதே ஆண்டில் நாடு முழுக்க இழந்த மாணவர்கள் 13,044 பேர்.

அடுத்தது அறை. பாகூரில் கிடைத்த ஒரு செப்பேடு உண்டு, ஒன்பதாம் நூற்றாண்டு, பல்லவன் நிருபதுங்கன் காலத்தது. மூன்று ஊர்களின் வருவாயைப் பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு எழுதிவைத்ததைச் சொல்கிறது. வேதம் படித்தவர்கள் கவலையில்லாமல் படிக்க மூன்று ஊர்கள் உழைத்தன. அந்த ஊர்களில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடமிருந்ததா என்று கேட்கச் செப்பேட்டை வாசிக்க வேண்டியதில்லை. சிலருக்குப் படிப்பதற்கான அமைதியை ஊரே சேர்ந்து உண்டாக்கிக் கொடுத்தது என்பதுதான் அந்தச் செப்பேட்டில் எனக்குத் தைப்பது. ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து அதே மண்ணில் அதே உழைப்பாளிகளின் பேத்தி, ஐந்து பேர் இருக்கிற அறையில் எங்கே உட்காருவது என்று கேட்டால், மனமிருந்தால் மார்க்கமுண்டு என்கிறோம். பார்ப்பனப் பிள்ளைக்கு மூன்று ஊர், நம் பிள்ளைக்கு ஒரு பழமொழி.

அந்த அறையை யாரிடம் கேட்பது? கொம்யூன் பஞ்சாயத்துகளுக்குக் கடைசியாக 2006இல்தான் தேர்தல் நடந்தது. 2011இல் அவர்களின் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. தெருவிளக்கு எரியவில்லை, நூலகம் மாலையில் திறப்பதில்லை என்று போய்க் கேட்க நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்டு உறுப்பினர்கூடக் கிடையாது. இருளர் குடும்பங்களின் நிலை இன்னும் மோசம். புதுச்சேரியில் இருளர் 2016இல்தான் பட்டியல் பழங்குடி என்று அறிவிக்கப்பட்டார்கள், அதற்கு முன்பு இங்கே பிற்படுத்தப்பட்ட பழங்குடி என்ற தனிப் பெயரில் வைக்கப்பட்டிருந்தார்கள். படிப்பு முடிகிற நேரத்தில் எந்தச் சான்றிதழ் எங்கே செல்லும் என்று தாசில்தார் அலுவலகத்தில் ஒரு நாள் கூலியை இழந்து நிற்பது அந்தப் பிள்ளையின் அம்மா. கூலி இழந்த அந்தச் சாயங்காலத்தில்தான் பிள்ளை வேதியியல் படிக்க வேண்டும்.

சாதி தேர்வறைக்குள்ளேயும் வருகிறது, தேர்வறைக்குப் போகிற வழியிலும் வருகிறது. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவரை இறக்கி வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் இவர் அணி ஜெயித்த ஆத்திரம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அடுத்த மாதம் கோவை கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில், மாதவிடாய் என்று சொல்லி எட்டாம் வகுப்பு தலித் மாணவியை வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வு எழுத வைத்தார்கள். அம்மா அதைப் படம் பிடித்ததால் வெளியே தெரிந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு இருப்பதைத் தேர்வு பயம் என்று சொல்வது எவ்வளவு பெரிய பொய்! 2023 நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில் சாதி அடையாளக் கயிறுகளைத் தடுப்பது மட்டுமல்ல, பெரிய பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்பதும் இருக்கிறது. அது தமிழ்நாட்டுக்கான அறிக்கை. எல்லைக்கோடு வயலுக்கு நடுவே போகிற புதுச்சேரி கிராமங்களில் சாதி மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுமா?

இனி நம்மைப் பற்றி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தயங்கினேன்.

ஒவ்வொரு மே மாதமும் நம் சேரி முகப்புகளில் பிளக்ஸ் ஏறுகிறது. அம்பேத்கர் படம், பக்கத்தில் அதிக மதிப்பெண் எடுத்த பிள்ளையின் படம், கீழே வாழ்த்தும் தோழர்களின் வரிசை. நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். ஆதிக்கச் சாதிக்காரர் பார்க்கட்டும், எங்கள் பிள்ளைகளும் எடுப்பார்கள் என்ற வீம்பு அதில் உண்டு, அது நியாயமான வீம்பு. ஆனால் அதே தெருவில் 210 எடுத்த பிள்ளை அந்த பிளக்ஸைத் தாண்டித்தான் தினமும் தண்ணீர் பிடிக்கப் போகிறது. நீ தோற்றால் உன் குடும்பம் தோற்றது, உன் சேரி தோற்றது, அம்பேத்கரே தோற்றுவிட்டார் என்று வாயால் சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். ஆயிரமாண்டு அநீதிக்கான கணக்கைப் பதினைந்து வயதுப் பிள்ளை மூன்று மணி நேரத்தில் தீர்க்க வேண்டுமாம். 282க்குக் கூட்டம் போட்ட மரபு நம்முடையது, அதை மறந்துவிட்டு மதிப்பெண் வழிபாட்டை எங்கிருந்தோ வாங்கிவந்திருக்கிறோம்.

இன்னொன்று அதைவிடக் கடினம். 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அனிதாவை இழந்தோம். 1200க்கு 1176 எடுத்தும் நீட் அவரை வெளியே நிறுத்தியது. அந்தக் கோபம் சரியானது, அந்தப் போராட்டம் தேவையானது. ஆனால் அதற்குப் பிறகு நாம் போட்ட சுவரொட்டிகளையும் எழுதிய கவிதைகளையும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் கண்ணால் பார்த்தால் என்ன தெரியும்? உயிரோடு இருந்தபோது யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பெண், இறந்த பிறகு ஊரெல்லாம் பெயராகிறாள். சாவுக்குத் தியாகம் என்று பெயர் வைக்கிற ஒவ்வொரு முறையும், ஏற்கெனவே தளர்ந்துபோய் நிற்கிற ஒரு பிள்ளைக்குத் தவறான வழியைக் காட்டுகிறோம். அனிதாவின் குடும்பம் குழுமூரில் அவர் பெயரில் நூலகம் வைத்தது. அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் போயிற்று.

பாகூர், வில்லியனூர் பிள்ளைகளுக்கு மருத்துவக் கனவு எங்கிருந்து வருகிறது என்று யாரும் ஆராய வேண்டாம். பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம், அரியூர், அகரம் என்று வயல்களுக்கு நடுவே தனியார் மருத்துவக் கல்லூரிகள் எழுந்து நிற்கின்றன. நம் அம்மாக்கள் அங்கே துப்புரவுப் பணிக்குப் போகிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 10 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2023இல்தான் வந்தது. அதையும் போராடித்தான் வாங்கினோம். இந்தக் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் மனநலத் துறை உண்டு. நாட்டின் எத்தனை கிராமப்புற வட்டாரங்களில் சைக்கிள் தூரத்தில் இத்தனை மனநல மருத்துவர்கள் இருப்பார்கள்? ஆனாலும் நம் பிள்ளை எந்த மருத்துவரையும் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் போனாலே பைத்தியம் என்று பெயர் வந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம். கூட்டிப்போக ஆளில்லாதது இன்னொரு பக்கம்.

இங்கேதான் உச்ச நீதிமன்றத்தின் 2025 ஜூலை 25 தீர்ப்பு கைகொடுக்கும். விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன மகளை இழந்த ஒரு தந்தை தொடுத்த சுக்தேப் சாஹா வழக்கு அது. மனநலம் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று சொன்ன நீதிமன்றம், சட்டம் வரும்வரை எல்லாக் கல்வி நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள இடத்தில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். சிறிய பள்ளி வெளியே ஒரு மனநல நிபுணரோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைப்பது, எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவது இவற்றை இயன்றவரை தவிர்க்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பிள்ளைகளோடு பாகுபாடின்றிப் பழக ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். “மெல்லக் கற்போர்” என்று தனி வகுப்பில் அடைத்துவைத்திருக்கிற பள்ளிகள் எத்தனை? அந்த வகுப்பில் இருப்பவர்களின் தெருக்கள் எவை? இந்த இரண்டு கேள்விகளையும் தீர்ப்பின் நகலோடு சேர்த்துக் கல்வித் துறைக்கு அனுப்புங்கள். ஆலோசகர் பணியிடம் இல்லை என்று பதில் வந்தால், அடுத்த ஊரில் இருக்கிற மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையோடு ஒப்பந்தம் போட என்ன தடை என்று கேளுங்கள்.

அதுவரை? படிப்பகம் நடத்தும் தோழர்களுக்குச் சொல்கிறேன். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, யாரோடும் பேசாமல், தனக்குப் பிரியமானவற்றை மற்றவர்க்குக் கொடுத்துவிட்டு, “நான் இருந்து என்ன பிரயோசனம்” என்று பேசுகிற பிள்ளையிடம் அறிவுரை சொல்லாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், கேட்பதால் பாரம்தான் இறங்கும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், வீட்டில் ஒருவரையாவது அழைத்துப் பேசுங்கள், மருத்துவரிடம் கூடவே போங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கு 1098. ஸ்நேகாவின் எண் 044-24640050.

முடிவு வரும் நாளுக்கு எங்கள் படிப்பகத்தில் இந்த முறை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். பிளக்ஸ் இல்லை. எழுதிய பிள்ளைகள் பதினான்கு பேர், வீட்டுக்கு ஒருவர் என்று பதினான்கு பேர் பிரித்துக்கொண்டோம். முடிவு வெளியாகும் முன்பே அந்த வீட்டில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். தோற்றிருந்தால் எந்தப் பாடத்தை எப்போது எழுதலாம், கட்டணம் எவ்வளவு, கடைசி நாள் எது என்ற தாள் கையில் இருக்க வேண்டும். அந்த வாரமே எல்லாருக்கும் ஒரே கூட்டம், எல்லாருக்கும் ஒரே புத்தகம். என்ன புத்தகம் என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை.

ஒற்றை அறைப் பெண்ணும் இந்தப் பதினான்கில் ஒருத்தி. பிப்ரவரி முழுக்க எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தை மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை திறந்துவைக்கக் கேட்டிருக்கிறோம். பெண் பிள்ளைகளை வீடுவரை கொண்டுவிட இரண்டு அக்காக்கள் சம்மதித்திருக்கிறார்கள். கூடத்தின் சாவி கொம்யூன் அலுவலகத்தில் இருக்கிறது. இரண்டு முறை போய்விட்டோம், அதிகாரி இல்லை என்றார்கள். திங்கட்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறோம்.